அக்கா மகனுக்கு எச்.ஐ.வி இருப்பது ஒன்பது வயதில்தான் தெரிந்தது

என் அக்கா இறந்தபோது அவள் மகனுக்கு நான்கு வயது. அதற்கு ஒன்றரை வருடம் முன்பே அவன் அப்பா போய்விட்டார். அதன்பிறகு பாட்டியிடம், அதாவது என் அம்மாவிடம் வளர்ந்தான். அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஏழு வயதில் என் வீட்டுக்கு வந்தான். எச்.ஐ.வி என்று தெரிந்தது ஒன்பது வயதில். பிறந்த நாளிலிருந்து உடம்பில் இருந்த ஒன்று, மூன்று பேர் கை மாறி வளர்ந்த பிள்ளையிடம், ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது அவனுக்குப் பதினேழு. இதை அவனிடம் வாசித்துக் காட்டி, சரி என்று அவன் சொன்ன பிறகுதான் வெளியே அனுப்புகிறேன். பெயர் போடாதீங்க சித்தி என்றான். தம்பி என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

முதலில் அவனுக்கு வந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது எனக்கு இதை யாரும் மொத்தமாகச் சொல்லவில்லை. மூன்று வயதிலிருந்து காதில் சீழ். சொட்டு மருந்து போட்டால் நிற்கும், இரண்டு மாதத்தில் திரும்பவும் வடியும். காதுக்குக் கீழே தாடை ஓரம் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது, பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தோம். ஆனால் அது ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும், இவனுக்கு மாதக்கணக்கில் அப்படியே இருந்தது, வலியும் இல்லை. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கைகளிலும் முகத்திலும் சின்னச் சின்ன மரு, நூறு இருக்கும். எட்டு வயதில் மார்பின் ஒரு பக்கம் முழுக்க அக்கி வந்தது. அக்கி பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது, குழந்தைக்கு இவ்வளவு கடுமையாக வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எங்கே போனது என்று கேட்க வேண்டும் என எனக்கு இன்று தெரியும். அப்புறம் உயரம். வகுப்பில் அவன்தான் கட்டை. இரண்டு வயது சின்னவனான என் மகனின் சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது. அவங்க அப்பாவும் குள்ளம்தானே என்று அதையும் ஒதுக்கிவிட்டோம்.

காதுக்கு ஒரு டாக்டர், மருவுக்கு ஒரு டாக்டர், காய்ச்சலுக்கு வேறொருவர். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததற்கு மருந்து கொடுத்தார்கள், அதில் தவறு சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஒருவரிடம் கொடுக்க வேண்டியது நான்தான். அதைச் செய்யவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது: எனக்குச் சந்தேகம் இருந்தது. கணவன் மனைவி இரண்டு பேரும் முப்பத்தைந்து வயதுக்குள், ஒன்றரை வருட இடைவெளியில் இறந்திருக்கிறார்கள். அதை நினைக்கிற ஒவ்வொரு முறையும் நான் வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்பது வயதில் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர் கேட்டார்: "அப்பா அம்மா இருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"எதனால இறந்தாங்க?"

அவன் அப்பாவுக்கு டிபி, அக்காவுக்கு மூளைக்காய்ச்சல் என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்த் தம்பியின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தார், நாக்கில் வெள்ளைப் படலம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறியைத் தடவிப் பார்த்தார். ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும், என்ன பரிசோதனை என்று உங்களுக்குப் புரியுதுன்னு நினைக்கிறேன் என்றார். தலையாட்டினேன்.

ஆனால் பரிசோதனை நடக்க நான்கு நாள் ஆனது. பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்கள் அலுவலகத்தில். பெற்றோர் இல்லை என்றால் சட்டப்படி பாதுகாவலர் என்று காட்டும் காகிதம். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அக்கா பிள்ளையை வளர்க்கக் காகிதம் வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? அந்த டாக்டரே மேலே பேசி, குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்று எழுதி, அதை நடத்திவைத்தார். உறவினர் பிள்ளையை வளர்க்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: உங்கள் நாட்டின் சட்டப்படி பாதுகாவலர் என்ற ஏற்பாட்டைப் பிள்ளை நல்ல உடம்போடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், அவர்களின் மருத்துவக் காகிதங்கள், இவை எங்கே இருக்கின்றன என்று தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்தது. சிடி4, அதாவது நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, 61. ஐந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு 200-க்குக் கீழே போனாலே நோய் முற்றிய நிலை என்று கணக்கு. அன்று மாலை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் மடியில் வைத்தாள். அக்காவின் ஃபைல். அக்கா கடைசி நான்கு மாதம் ஏஆர்டி என்ற எச்.ஐ.வி மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள், அவளுக்கு அதற்குள் எல்லாம் முற்றிப்போயிருந்தது. ஃபைலின் மூன்றாவது தாளில் அவளைப் பார்த்த டாக்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. குழந்தையை அழைத்து வந்து பரிசோதிக்கவும். தேதி ஐந்து வருடம் பழையது.

ஏம்மா என்று மட்டும் கேட்டேன். "செத்தவளைப் பத்தி நாலு பேர் பேசக்கூடாதுன்னுதான்டி வச்சிருந்தேன். பிள்ளை ஓடி ஆடிட்டு இருந்தான், அவனுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நினைச்சேன்." அவள் மேல் எனக்கு வந்த கோபம் போக வருடங்கள் ஆயின. ஆனால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது அவள் மட்டும் இல்லை. நானும் கேட்காமல் இருந்தேன்.

தம்பியின் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். பன்னிரண்டு வயது, பார்த்தால் எட்டு வயது போல. பாப்பா என்று எழுதுகிறேன். அவளுடைய அம்மா கூடவே இருந்தார், அப்பா வேலை முடிந்து மாலையில் வருவார். இருவரும் நன்றாக இருந்தார்கள். பாப்பாவுக்கு ஐந்து வயதிலிருந்து இருமல், ஆஸ்துமா என்று இன்ஹேலர். இரண்டு முறை டிபி என்று ஆறு ஆறு மாதம் மருந்து. அவர்களிடமும் ஒவ்வொரு டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா அம்மா இருக்காங்களா, அவங்க உடம்பு எப்படி? இருக்கோம், நல்லா இருக்கோம். அந்தப் பதிலோடு கேள்வி முடிந்துவிடும். ஏழு வருடத்தில் ஒருவர்கூட எச்.ஐ.வி பரிசோதனை எழுதவில்லை, இரண்டு முறை டிபி வந்த பிறகும். டிபி வந்த யாருக்கும் எச்.ஐ.வி பார்க்க வேண்டும் என்பது அடிப்படையான விஷயம், குழந்தைக்கும் அதேதான்.

தம்பியைக் கண்டுபிடித்த அதே டாக்டர்தான் பாப்பாவின் விரல் நுனிகள் உருண்டு, நகம் வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நீண்ட நாள் நுரையீரல் கெட்டிருப்பதன் அடையாளம் இது, ஆஸ்துமாவில் இப்படி ஆகாது என்று சொல்லிப் பரிசோதனை எழுதினார். பாசிட்டிவ். பிறகு அம்மாவுக்கு, பிறகு அப்பாவுக்கு.

அந்த அம்மாவும் நானும் இரவில் வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து பேசுவோம். "கர்ப்பமா இருக்கும்போது டெஸ்ட் எடுத்தாங்கக்கா, இல்லைன்னுதான் வந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது பொய் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்குத் தொற்றியிருக்கிறது. புதிதாகத் தொற்றிய முதல் மாதங்களில் ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் கிருமி மிக அதிகமாக இருக்கும் என்பதால் அப்போது பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் அதிகம். கர்ப்பத்தில் எடுத்த ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். சிகிச்சை இல்லாமலே பெரியவர்கள் எட்டு, பத்து வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாட முடியும், சிலர் அதற்கும் மேல். அதனால் பெற்றோர் திடமாக இருப்பது பிள்ளையின் ரத்தத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

நான் அதுவரை நினைத்திருந்தது, அப்பா அம்மா இல்லாத பிள்ளைதான் இப்படிக் கவனிக்கப்படாமல் போகும் என்று. அந்த வார்டில்தான் அது பாதிதான் உண்மை என்று தெரிந்தது. தம்பியிடம் கேட்க ஒரு கேள்வியாவது மிச்சம் இருந்தது, இறந்தவர்கள் எதனால் இறந்தார்கள் என்று. பாப்பாவிடம் அந்தக் கேள்வியே எழவில்லை, அதனால் அவளுக்கு மூன்று வருடம் கூடுதலாகத் தள்ளிப்போனது. ஒருவனுக்கு வீட்டின் மௌனம் தடை, இன்னொருத்திக்கு வீட்டின் ஆரோக்கியம் தடை.

இவ்வளவு வருடம் எப்படித் தாங்கினார்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். பிறப்பிலேயோ பாலிலேயோ தொற்றிய குழந்தைகளில் சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முதல் பிறந்தநாளுக்குள்ளும், பாதிப் பேர் இரண்டு வயதுக்குள்ளும் இறந்துவிடுவார்கள் என்றார். இது தெரிந்ததால்தான் முன்பு பல டாக்டர்களும் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பிறவியிலிருந்து இது இருக்க முடியாது என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு நோய் மிக மெதுவாகப் போகும். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் பதின்வயதில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எச்.ஐ.வி இருந்தது, பெரும்பாலும் தாயிடமிருந்து வந்தது. அந்த ஆய்வு 2010-ல் வெளியானது. வளர்ச்சி குன்றியது, நாள்பட்ட நுரையீரல் கோளாறு, பருவம் அடையத் தாமதம், தோலில் மரு, காதில் சீழ், இப்படி அவர்களுக்கு இருந்தவற்றை டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு எதிரே இருந்த இரண்டு கட்டில்களும் கண்ணில் நின்றன.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து 12 வாரத்துக்குள்ளேயே மருந்து தொடங்கிய குழந்தைகளிடம், உடம்பு கெடும்வரை காத்திருந்தவர்களைவிட இறப்பு 76 சதவீதம் குறைவாக இருந்தது. 2008-ல் வந்த முடிவு அது. இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 2015 முதல், எந்த வயதானாலும் சிடி4 எவ்வளவு இருந்தாலும் தெரிந்தவுடன் மருந்து என்பதுதான்.

எனக்கு மிகத் தெளிவாகப் புரியவைத்தது பாப்பாவின் தம்பி. அவனுக்கு அப்போது ஐந்து வயது, சளிகூடப் பிடிக்காத பிள்ளை. அவனையும் கூட்டிட்டு வாங்க என்று டாக்டர் சொன்னபோது அவன் அப்பா, அவனுக்கு எதுக்கு, அவன் நல்லாதானே இருக்கான் என்றார். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டுத்தான் கூட்டிவந்தார். பாசிட்டிவ். நோய் எதுவும் தலைகாட்டும் முன் மருந்து தொடங்கிவிட்டார்கள். இன்று அவனுக்குப் பதிமூன்று, அக்காவைவிட ஒரு ஜாண் உயரம், கால்பந்து ஆடுகிறான். பாப்பாவுக்கு இருபது. கிருமி கட்டுக்குள் இருக்கிறது, எடை கூடியிருக்கிறது, ஆனால் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பு அப்படியேதான் இருக்கும், மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மருந்து. வீட்டில் ஒருவருக்கு என்று தெரிந்தால் அந்த வாரமே மற்ற எல்லாப் பிள்ளைகளையும், நன்றாக ஓடியாடுகிறவர்களையும் சேர்த்து, கூட்டிக்கொண்டு போங்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் ஒரு குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. வழக்கமான எச்.ஐ.வி பரிசோதனை ஆன்டிபாடியை, அதாவது கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளைப் பார்ப்பது. தாயின் ஆன்டிபாடி குழந்தையின் ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கலாம், அதனால் அதற்கு முன் அந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் குழந்தைக்குத் தொற்று என்று அர்த்தமாகிவிடாது. கிருமியையே நேரடியாகத் தேடும் பிசிஆர் பரிசோதனை வேண்டும், நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்பார்கள். அது நெகட்டிவ் என்று வந்ததும் நிறையப் பேர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பால் குடிக்கும்வரை ஆபத்து இருக்கிறது. ஒன்பது மாதத்தில் ஒன்று, பால் நிறுத்தி மூன்று மாதம் கழித்து அல்லது 18 மாதம் ஆனதும், இதில் எது பிந்தி வருகிறதோ அப்போது கடைசியாக ஒன்று, இது முடிந்தால்தான் நெகட்டிவ். தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டுக் கிருமியைக் கட்டுக்குள் வைத்திருந்தால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதையும் பயந்துபோயிருக்கும் பெண்களுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

சரி, சிகிச்சை. முதலில் கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண, பழைய மாத்திரை, மற்ற தொற்றுகள் வராமல் தடுக்க. இதை எதுக்கு என்று அலட்சியமாக நினைத்தேன். ஜாம்பியாவில் எச்.ஐ.வி உள்ள குழந்தைகளுக்கு இதைத் தினமும் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு 43 சதவீதம் குறைந்ததாம், 2004-ல் வந்த ஆய்வு. அதைக் கேட்ட பிறகு ஒரு நாள் தவறவிடவில்லை. பிறகு ஏஆர்டி. இரவில் ஒரு வேளை. எஃபாவிரென்ஸ் அதில் ஒன்று, அதைச் சாப்பிட்டால் விசித்திரமான கனவு வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வந்தது. முதல் மாதம் முழுக்க நான் அவன் பக்கத்திலேயே படுத்தேன்.

மூன்றாவது வாரம் நான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் எடை கூடி, நடக்க ஆரம்பித்தவனுக்குத் திடீரென்று 103 டிகிரி காய்ச்சல், கழுத்து நெறி எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிட்டது. மாத்திரை ஒத்துக்கவில்லை, நிறுத்திடு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு இரவு கொடுக்கவில்லை. மறுநாள் ஓடியபோது டாக்டர் விளக்கினார்: உள்ளே டிபி ஏற்கனவே இருந்திருக்கிறது, எதிர்க்கச் சக்தியில்லாத உடம்பு அதைக் கண்டுகொள்ளவே இல்லை, இப்போது மருந்தால் சக்தி திரும்புகிறது, அதனால் அந்தக் கிருமியோடு உடம்பு சண்டை போட ஆரம்பித்திருக்கிறது, அந்தச் சண்டைதான் இந்தக் காய்ச்சல். டிபி மருந்தும் சேர்ந்தது, ஆறு மாதம். தாமதமாகத் தெரிந்து சிடி4 மிகவும் குறைந்த நிலையில் மருந்து தொடங்கும் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் இப்படி ஆகலாம். முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒரு இரவு நான் நிறுத்தியிருக்க மாட்டேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

குழந்தைக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பிள்ளை தேறி எடை கூடும்போது பழைய அளவு போதாமல் போகும். ஒவ்வொரு முறையும் எடை பார்க்கச் சொல்லுங்கள், இந்த எடைக்கு இந்த அளவு சரியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கூட்டம் அதிகமுள்ள நாளில் இது விட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து தொடங்கி ஆறு மாதத்தில் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதையும் நினைவுபடுத்துங்கள். தம்பிக்குச் சில வருடம் கழித்து டொலுடெக்ரவிர் உள்ள மாத்திரைக்கு மாற்றினார்கள், கனவுத் தொல்லை போனது. சின்னக் குழந்தைகளுக்கு இப்போது அதே மருந்து தண்ணீரில் கரைக்கும் மாத்திரையாக வருகிறது. கசப்பான சிரப்பை வாயில் ஊற்றி, அது வாந்தியெடுத்து, திரும்ப ஊற்றி அழுத தாய்மார்களை நான் அந்த வார்டில் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

காது மட்டும் திரும்பவில்லை. இடது காதில் பாதிக்கு மேல் கேட்காது. அதுவரை பள்ளியில் கவனமில்லாத பையன் என்று அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எச்.ஐ.வி பற்றிப் பள்ளியில் நான் சொல்லவில்லை. இரவில் ஒரு வேளை மாத்திரை, அங்கே யாருக்கும் தெரிய வேண்டிய தேவையில்லை, அது அவனுடைய விஷயம். காது கேட்கவில்லை என்பதை மட்டும் எழுத்தில் கொடுத்து முன் வரிசைக்கு மாற்றினேன். அந்த வருடமே மதிப்பெண் ஏறியது.

அவனிடம் எப்போது சொல்வது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். பள்ளி வயதில், ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள், பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கவுன்சலர் சொன்னபடி முதலில் உன் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கு, மாத்திரை சாப்பிட்டா தூங்கும், விட்டா எழுந்துக்கும் என்று மட்டும் சொல்லிவந்தேன். பதினோரு வயதில் கவுன்சலரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கும் இதுதானா?" ஆமாம். "பாட்டிக்குத் தெரியுமா?" அதற்கும் ஆமாம் என்றேன், பொய் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு மாதம் அவன் பாட்டியோடு பேசவில்லை. பிறகு அவனே போனான். பாட்டி அந்த ஃபைலை அவனிடம் கொடுத்தாள். அதில் அக்கா தன் கையால் காலை 8, இரவு 8 என்று கட்டம் போட்டு, சாப்பிட்ட மாத்திரைக்கெல்லாம் டிக் அடித்த ஒரு தாள் இருக்கிறது. அம்மாவின் கையெழுத்தில் அவனிடம் இருப்பது அது ஒன்றுதான்.

பெற்றோர் இல்லாத பிள்ளைக்கு வரும் தனிச் சிக்கல், அது பல வீடுகளில் வாழும். பதிமூன்று வயதில் விடுமுறைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனான், அவர்களிடம் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் மாத்திரை எடுக்கக் கூச்சப்பட்டு ஐந்து வாரம் பையிலேயே வைத்திருந்தான். அடுத்த வைரல் லோடு ஏறியிருந்தது. பிள்ளை எந்த வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கினாலும் அந்த வீட்டில் ஒரே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், யாரிடம் சொல்வது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அவன் சித்தப்பாவின் மூத்த மகளைத் தேர்ந்தெடுத்தான். அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பாப்பா வீட்டில் சிக்கல் வேறு. அவள் அப்பா தன் மாத்திரையைச் சாப்பிடவில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்பார். அவர் சாப்பிடலையே, நான் மட்டும் ஏன் என்று அவள் கேட்டபோது அந்த அம்மாவிடம் பதில் இல்லை. என்னாலதானே இவளுக்கு வந்துச்சு என்று அழுவார், அழுகிற அம்மாவைப் பார்த்து அந்தப் பிள்ளை எதையும் கேட்காமல் அடக்கிக்கொள்வாள். எனக்குக் கோபப்பட இறந்தவர்கள் இருந்தார்கள். அந்த அம்மா தினமும் காலையில் அதே முகத்தைப் பார்த்துத் தலைவாரிவிட வேண்டியிருந்தது. பெற்றோர் உயிரோடு இருக்கும் வீட்டில் பெற்றோருக்கும் தனியாகக் கவுன்சலிங் வேண்டும். அவர்கள் மாத்திரை சாப்பிடுவது பிள்ளையின் சிகிச்சையில் ஒரு பகுதி. அந்த அப்பா ஒரு வழியாக ஆரம்பித்தது தனக்கே அக்கி வந்த பிறகு. இப்போது நான்கு பேரும் இரவு ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிடுகிறார்கள், சின்னவன்தான் அலாரம் வைப்பானாம்.

போன மாதம் தம்பியைப் பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாற்றினார்கள். குழந்தைகள் பிரிவில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவந்த நர்ஸ், டாக்டர், கவுன்சலர் எல்லோரையும் விட்டுப் புது இடம். இந்த மாற்றத்தில்தான் நிறையப் பிள்ளைகள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று சொல்லியிருந்ததால் நானும் கூடப் போனேன். அவனுடைய முழு வரலாற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனேன்: எந்த வருடம் என்ன மருந்து, எப்போது மாற்றினார்கள், கடைசி வைரல் லோடு, டிபி எப்போது, காது. கதவுப் பக்கம் வந்ததும் தாளை வாங்கிக்கொண்டு, நீங்க இங்கேயே இருங்க சித்தி என்றான்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே பேசுவது கேட்டது.

"அப்பா அம்மா இருக்காங்களாப்பா?"

"இல்லை சார். ரெண்டு பேரும் எச்.ஐ.வியில இறந்தாங்க. அம்மா இறந்தப்போ எனக்கு நாலு வயசு. எனக்கு ஒன்பது வயசுலதான் தெரிஞ்சது, எல்லாம் இந்தத் தாள்ல எழுதியிருக்கு."